ட்ரெபிள் சரி செய்யப்பட்டது

திண்டுக்கல்,
10.6.2024

மதிப்பிற்குரிய மச்சான் ஆனந்த்ராஜ் அவர்களுக்கு,

ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை அறிவுச்செல்வியும் நலம். நெய்க்காரப்பட்டியில் நீங்களும் அக்காவும் கொய்யா மரங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீசில் மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன். சொந்தமாக எழுதும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். காரணம் உங்கள் செல்போன். நான்கு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவையும் எடுத்து, "டவர் இல்ல, டவர் இல்ல" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டீர்கள். நான்காவது தடவை நான் ஹலோகூடச் சொல்லியிருக்கவில்லை.

பதினோரு வருடம் கழித்துப் பேச்சை ஆரம்பிப்பவன் நல்ல செய்தியோடு ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு புகார். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் உங்கள் கையால் செய்து கொடுத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் கத்துகின்றன. கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கர் மரியாதையாகத்தான் பேசுகிறது. மேலே இருக்கும் சின்னது, அந்த ட்வீட்டர், பாடுகிறவர் 'ஸ' என்று சொல்லும்போதெல்லாம் காதில் ஊசி ஏற்றுகிறது. தாளம் தட்டினால் பாத்திரக் கடையில் எலி ஓடுவதுபோல் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் குறைத்துப் பார்த்தேன். பாடுகிறவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. அறிவு ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் நேரில் வந்து பார்த்தால் நல்லது. செய்தவருக்குத்தானே அதன் குணம் தெரியும்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

(அதே நாள் எழுதியது. இந்தத் தாள் தபாலில் சேரவில்லை.)

மச்சான்,

அறிவுக்கு வயிற்றில் கட்டி. பிப்ரவரியில் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறோம். டாக்டர், "கிறிஸ்துமஸ் பார்க்கலாம்" என்கிறார். ஈஸ்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மருந்து ஏறியதிலிருந்து கூர்மையான சத்தம் எதுவும் அவளுக்கு ஆவதில்லை. டம்ளரை மேடையில் வைத்தால் தோள் தூக்கிப்போடுகிறது. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டு வேண்டும் என்கிறாள். அதுவும் நீங்கள் செய்த பெட்டியில்தான் வேண்டுமாம். போட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள். கல்யாண வீட்டில் நடந்ததை மறந்துவிட்டு ஒருமுறை வாருங்கள்.

(அடியில் பென்சிலில்:)

அறிவு இதை வாங்கிப் படித்தாள். "இத அனுப்பாதீங்க. வாரதுன்னா அண்ணன் தானா வரட்டும். சாகக் கெடக்கேன்னு தெரிஞ்சு வந்தா, துட்டி வீட்டுக்கு முன்கூட்டியே வந்த மாதிரி இருக்கும்" என்றாள். பெட்டியைக் குறை சொன்னால் உன் அண்ணன் அடுத்த பஸ்ஸில் ஏறுவார் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். "அது மட்டும் நெசம்" என்றாள். நோகிற காது என்னுடையதானது இப்படித்தான்.

*

நெய்க்காரப்பட்டி,
25.6.2024

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

ஆனந்த்ராஜ் எழுதிக்கொண்டது. இங்கே கொய்யாவுக்குக் குறையில்லை, மனிதர்களுக்கு மூட்டுவலி. அங்கே உங்கள் சுகத்துக்கும் தங்கை சுகத்துக்கும் எழுதவும்.

கடிதம் பார்த்தேன். இத்தனை வருடத்தில் என் சத்தத்தைக் குறை சொன்ன இரண்டாவது ஆள் நீங்கள். முதல் ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். உங்கள் மகள் தமிழ்நிலா கல்யாணத்தில் நான் எட்டுப் பெட்டி கட்டிப் பாட்டுப் போட்டேன். சம்பந்தி வீட்டார் முன்னால், "அண்ணே, இது கல்யாணமா, கட்சி மாநாடா? காது கிழியுது" என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கினாள். திண்டுக்கல்லில் கடை வைத்திருந்த எனக்கு சவுண்டு ஆனந்த்ராஜ் என்று பெயர். அந்தப் பெயரை அன்றைக்கு என் தங்கையே பிடுங்கிப் போட்டாள். பிரியாணிப் பந்தியில் உட்காராமல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். போகட்டும். அதை எழுத இந்தக் கடிதம் இல்லை.

பெட்டி இரண்டும் நேராக உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். வெறும் சுவரும் வெறும் தரையும் கீச்சுச் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். இதற்கும் அடங்காவிட்டால் கோளாறு பெட்டியில் இல்லை. வயதானால் காது மாறும், மாப்பிள்ளை. மாறியது அந்தக் காதுக்காரருக்குத் தெரியாது. ஒரு டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

நேரில் வர மூட்டு இடம் தரவில்லை. எதுவானாலும் எழுதுங்கள். எனக்குத் தபால்தான் வசதி.

தங்கள் நலம் நாடும்,
ஆனந்த்ராஜ்

*

திண்டுக்கல்,
18.7.2024

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மூட்டுக்கு என் விசாரிப்பு. இங்கே எல்லோரும் சுகம்.

சொன்னபடி செய்தேன். ஜமுக்காளம் விரித்ததில் எங்கள் ஹால் பந்திக்கு இலை போடப் போகும் இடம்போல் ஆகிவிட்டது. பெட்டிகள் இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நூற்றுக்கு இருபது பங்கு குறைந்தது. மிச்சம் எண்பது இன்னும் குத்துகிறது.

அதனால் பின்பலகையின் எட்டு ஆணிகளையும் கழற்றிவிட்டேன். மன்னிக்கவும். உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "4.5.1986. தங்கச்சி கல்யாணத்துக்கு. ஆ.ரா." அதன் கீழே வேறு மையில் இன்னொரு வரி: "12.5.2013. ட்ரெபிள் சரி செய்யப்பட்டது. ஆ.ரா."

ட்வீட்டருக்குப் போகும் வழியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கின்றன. நடுவில் ஏதோ ஒரு சாமான் இருந்த தடம் தெரிகிறது. சாமானைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிவப்பு வயரை நேராகப் போட்டு இணைத்திருக்கிறது. மற்றப் பெட்டியிலும் இதே கதை. அங்கே என்ன இருந்தது, மச்சான்?

2013 மே மாதம், தமிழ்நிலா கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால், பெட்டி மந்தமாகிவிட்டது என்று நீங்களாகவே சொல்லிச் சரிசெய்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகுதான் அறிவு பெட்டிகளின் மேல் துண்டைப் போட்டு மூட ஆரம்பித்தாள். தூசிக்கு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வாருங்கள். அரை மணி நேர வேலை. மதியத்துக்கு உங்களுக்கு என்ன வெஞ்சனம் வைக்கலாம் என்று அறிவு கேட்கிறாள்.

அன்புடன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

நெய்க்காரப்பட்டி,
2.8.2024

அன்புள்ள மன்சூர் பாய்க்கு,

ஆனந்த்ராஜ் எழுதுவது. வீட்டில் சைதூன் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரெசிஸ்டர் கேட்டு என் மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ் வருவார். நல்ல சரக்காகப் பார்த்துக் கொடுங்கள். என் காதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஏழு வருடமாகக் காப்பாற்றிவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம் காப்பாற்றுங்கள்.

இப்போது சுத்தமாகவே கேட்பதில்லை. போன மாதம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்திருக்கிறது. நான் நின்றுகொண்டே இருந்தேன். டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்டி, "ஏனுங்க, செவுடுங்களா?" என்று கேட்டதை வாயசைவில் புரிந்துகொண்டேன். மரியாதையாகத்தான் கேட்டான். மெஷின் வைக்கச் சொல்லி நீங்களும் எழுதிவிட்டீர்கள். சவுண்டு ஆனந்த்ராஜ் காதில் மெஷினா, பாய்? சலூன்காரன் டோப்பா வைத்துக்கொண்டு கடை திறந்த மாதிரி இருக்கும்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். ட்வீட்டரை அடக்கி வைக்க நான் போட்டிருந்த 3.9 ஓம் ரெசிஸ்டரை 2013இல் நானே கழற்றி எறிந்துவிட்டு வயரை நேராகக் கொடுத்திருக்கிறேன். பெட்டி மந்தமாகிவிட்டது என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பேன். பெட்டி அப்படியேதான் இருந்திருக்கிறது. மந்தமானது நான். கொலுசுச் சத்தம் போய், குருவிச் சத்தம் போய், எனக்கே தெரியாமல் மேல் சத்தம் மொத்தமும் போயிருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே காதை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் எட்டுப் பெட்டி கட்டினேன். எனக்குப் பதமாக இருக்கும்வரை ட்ரெபிளைத் திருகினேன். சபையில் இருந்தவர்கள் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

காது கிழியுது என்று அவள் சொன்னது உண்மை. பதினோரு வருடமாக அவள் என்னை அவமானப்படுத்தினாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேரில் வா, வா என்று மாப்பிள்ளை எழுதுகிறார். வந்தால் பாட்டுப் போட்டுவிட்டு, "இப்ப எப்படி?" என்று என் முகத்தைப் பார்ப்பார். நான் என்ன சொல்வேன்?

உங்கள்,
ஆனந்த்ராஜ்

*

நெய்க்காரப்பட்டி,
6.9.2024

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

பதில் தாமதம். தோப்பில் வேலை. உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

நீங்கள் பார்த்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது. சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் ஒரு பங்கைத் தானே தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்பும் சாமான். 2013இல் கடையில் இருந்த வேலையாள் ஒருவன் தவறாகக் கழற்றியிருக்கிறான். நான் சீட்டில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பேன்.

மன்சூர் பாய் கடையில் 3.9 ஓம், பத்து வாட், வெள்ளைக் கல் மாதிரி இருக்கும், இரண்டு வாங்குங்கள். சிவப்பு வயரை வெட்டிவிட்டு அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் வைத்து ஈயம் பிடியுங்கள். போதாவிட்டால் 5.6 ஓம். அதற்கு மேல் போக வேண்டாம், பாட்டு செத்துவிடும். ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளித் துணியை வளையமாக வெட்டி ஒட்டினாலும் கொஞ்சம் அடங்கும்.

தங்கையை வெஞ்சனத்துக்குச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூட்டு இன்னும் சரியாகவில்லை.

தங்கள்,
ஆனந்த்ராஜ்

*

திண்டுக்கல்,
27.9.2024

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

என் கை நடுங்கியதில் ஈயம் ரெசிஸ்டரில் ஒட்டாமல் வேட்டியில் ஒட்டியது. மன்சூர் பாயே வீட்டுக்கு வந்து வைத்துக் கொடுத்தார். 3.9 வைத்ததும் பாதி அடங்கியது. 5.6 வைத்தோம். கம்பளி வளையமும் ஒட்டினோம். தமிழ்நிலாவின் பள்ளிக்கூட ஸ்வெட்டர் அதற்குப் பயன்பட்டது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மச்சான், பாட்டு இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறது. தாளம் தாளமாக இருக்கிறது. 'ஸ' வருகிறது, போகிறது, யாரையும் ஒன்றும் செய்வதில்லை. நேற்று ஐந்து மணிக்குப் போட்டது ஏழு மணிவரை ஓடியது. வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் வித்தை உங்கள் கடிதத்திலேயே வந்து சேர்ந்துவிட்டது.

ஆக, பெட்டி சரியாகிவிட்டது. புகார் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. கொஞ்சம் உற்றுக் கேட்டால் இடது பெட்டி லேசாக முனகுவதுபோல் இருக்கிறது. அதை வேண்டுமானால் வந்து பார்க்கலாம். கட்டாயமில்லை. முனகல் இல்லாமலும் இருக்கலாம்.

அன்புடன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

திண்டுக்கல்,
1.10.2024

ஆனந்த் அண்ணனுக்கு மன்சூர் சலாம் சொல்லி எழுதுவது.

நாங்க எல்லாரும் சுகம். என் மகன் நிஹால் ரெசிஸ்டர் டப்பாவையெல்லாம் பின்னால தள்ளிட்டு முன்னால செல்போன் கவரைத் தொங்கவிட்டிருக்கான். கடைக்கு வர்றவங்க என்னையும் கவர்ன்னு நெனச்சு வெல கேக்காம இருந்தாச் சரி.

வெசயத்துக்கு வாரேன். உங்க பொட்டிக்கு ஈயம் வைக்க ஸ்தனிஸ் சார் வீட்டுக்குப் போனேன். ஹால்ல கட்டில் போட்டிருக்கு. அதுல அறிவுத் தங்கச்சி படுத்திருக்கு. அண்ணே, எனக்கு ஆள் அடையாளமே தெரியல. தலையில முடி இல்ல. கை வத்தக்குச்சி மாதிரி. வயித்துல கட்டியாம். எட்டு மாசமா மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலையிறாங்க. இனி மருந்து வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாராம். அப்படின்னா என்னன்னு உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்ல.

காது வலி ஸ்தனிஸ் சாருக்கு இல்ல. அவருக்குக் காது கல்லு மாதிரி இருக்கு. வலி தங்கச்சிக்கு. ஒவ்வொரு ரெசிஸ்டரா நான் மாத்த மாத்த, சார் பாட்டப் போட்டுட்டு தங்கச்சி மொகத்தத்தான் பாத்தாரு.

நான் ஈயம் வைக்கிறப்ப தங்கச்சி சொல்லுது, "மன்சூர் அண்ணே, பாத்து வையுங்க, எங்க அண்ணன் பொட்டி. பிசகுனா உங்க கடைய எழுதி வாங்கிருவாரு." சிரிச்சுட்டு, அந்தச் சிரிப்புக்குச் செத்த நேரம் மூச்சு வாங்குச்சு. அப்பறம், "போன் போட்டா டவர் இல்லன்னு வச்சிருறாரு. இன்னும் கோவம் போகல" அப்படின்னுச்சு. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கடிச்சுக்கிட்டேன்.

கெளம்புறப்ப, அண்ணன்ட்ட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்குச்சு. நீங்க ஒரு சத்தியம், அது ஒரு சத்தியம். ரெசிஸ்டர் விக்கிறவன ரெசிஸ்டராவே ஆக்கிட்டீங்க, அண்ணே. ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து சுடுறது நான்தான். தங்கச்சிக்குக் குடுத்தத இதோ ஒடச்சிட்டேன், அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். உங்களுக்குக் குடுத்தத நான் ஒடைக்கல. அத நீங்க போயி உங்க வாயால ஒடைங்க.

இன்னொண்ணு. வேலையாள் கழட்டிட்டான்னு சாருக்கு எழுதினீங்களாமே? உங்க கடையில என்னைக்கு அண்ணே வேலையாள் இருந்தான்? உங்க கோவத்துக்கு ஒருத்தனாவது ஒரு வாரம் தாங்கியிருக்கானா?

உடனே கெளம்புங்க.

மன்சூர்

*

(தபால் அட்டை)

நெய்க்காரப்பட்டி,
5.10.2024

மாப்பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை, 13ஆம் தேதி வருகிறேன். இடது பெட்டி முனகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று தங்கையிடம் சொல்லுங்கள். அப்படியே இருக்கட்டும்.

ஆனந்த்ராஜ்

*

நெய்க்காரப்பட்டி,
24.11.2024

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அடக்கத்தன்று உங்களைப் பார்த்தவன் அதைக் கேட்க முடியாது. தமிழ்நிலா இன்னும் உங்களோடு இருக்கிறாளா? சாப்பிடுகிறீர்களா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் காது கேட்காது, மாப்பிள்ளை. ஏழு வருடமாக மோசம். இரண்டு வருடமாகச் சுத்தமாக இல்லை. கடையை மூடியது மூட்டுக்காக இல்லை. நெய்க்காரப்பட்டியில் டவருக்கும் ஒரு குறையும் இல்லை. ரெசிஸ்டரைக் கழற்றியவன் நான். வேலையாள் என்று ஒருவன் இல்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இதை அவளிடம் சொல்லத்தான் வந்தேன். பஸ் முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். நீங்கள் எங்களைத் தனியாக விட்டுவிட்டு எழுந்தீர்கள். நான் வாயெடுப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தியிருக்கலாம். அவள் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். இடையில் நிறுத்தினால் மறுபடியும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் உதடு தொட்டுத் தொட்டுத்தான் அசைந்தது. வாயசைவும் பிடிபடவில்லை. தலையை ஆட்டினேன். அவள் அழுத இடத்தில் கையை அழுத்தினேன். சிரித்த இடத்தில் சிரித்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். முடித்தபோது அவள் முகம் அப்படி ஒரு தெளிவாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு, நீ சொன்னதில் ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு வந்து எழுதிக் காட்டலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை, நீங்கள் பக்கத்தில்தான் எங்கேயாவது இருந்திருப்பீர்கள். கதவும் திறந்துதான் இருந்தது. அவள் என்ன சொன்னாள்? முழுவதும் எழுதுங்கள். திட்டியிருந்தால் திட்டியதையும் எழுதுங்கள்.

ஆனந்த்ராஜ்

*

திண்டுக்கல்,
15.12.2024

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

சாப்பிடுகிறேன். தமிழ்நிலா போன வாரம்தான் புறப்பட்டுப் போனாள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியதுதான். மூன்று பக்கம் எழுதினேன். அறிவின் பேச்சோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவன். அவள் எந்த இடத்தில் 'அம்புட்டுத்தான்' என்பாள், எந்த இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவாள், எதைச் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நன்றாகவே வந்திருந்தது. நீங்கள் சந்தேகப்பட்டிருக்க மாட்டீர்கள். நேற்று எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். நான் வீட்டில் இல்லை, மச்சான். அண்ணனும் தங்கையும் பேசட்டும் என்று பால் வாங்கப் போனேன். பால் வாங்க ஐந்து நிமிடம் போதும். வேண்டுமென்றே கடைப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. அதையும் மறைக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்லாத எதையோ உங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அது இப்போது யாரிடமும் இல்லை.

ஆனால் நான் திரும்பி வந்த பிறகு நடந்தது எனக்குத் தெரியும். அதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

நான் பாலோடு உள்ளே வந்தேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் கொல்லைப்பக்கம் போனீர்கள். பெட்டியில் பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சொன்னாயா என்று கேட்டேன். "சொல்லிட்டேங்க. அம்புட்டையும் சொல்லிட்டேன். அண்ணன் குறுக்க ஒரு வார்த்தை பேசல. பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் நான் பேசுனத முழுசாக் கேட்டிருக்காரு" என்றாள். என்ன சொன்னாய் என்றேன். "அது எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள்.

அப்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து நீங்கள் அழும் சத்தம் வந்தது. சத்தமில்லாமல் அழுததாகத்தான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். எதிர்வீட்டு ஒச்சாயி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். பெரிய ஆம்பளை அவ்வளவு சத்தமாக அழுது நான் கேட்டதில்லை. எனக்கு ஏனென்று அப்போது புரியவில்லை.

அறிவு கையைத் தூக்கி, "பொட்டிய அமத்துங்க" என்றாள்.

"ஏன், குத்துதா?" என்றேன்.

"இல்லங்க. அண்ணன் அழுகுறது சரியாக் கேக்க மாட்டேங்குது."

அமர்த்தினேன். ஜூன் மாதத்திலிருந்து நாம் இருவரும் கடிதம் எழுதி எழுதிப் பாட வைத்த பெட்டி. அது நின்றதும் வீடு முழுக்க உங்கள் சத்தம்தான் இருந்தது. டம்ளர் சத்தத்துக்கே தோள் தூக்கிப்போடும் அவள் அசையவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு குழாய்ச் சத்தம் வந்தது. உங்கள் செருப்புச் சத்தம் கொல்லை வாசற்படிக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "நான் தூங்குறேன்னு சொல்லுங்க. தெரிஞ்சா அண்ணன் கூச்சப்படும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நீங்கள் உள்ளே வந்தீர்கள். தூங்குகிறாள் என்று நான் சைகை காட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அக்காவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்தனிஸ்லாஸ்